நூற்று நாற்பத்திரண்டாம் பக்கம்

ஆசிரியர் பொறுப்பு கைக்கு வந்த முதல் வாரத்திலேயே நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டுவிட்டோம். இதழில் செய்யப்போகும் மாற்றங்கள், மொத்தம் எட்டு. தமிழ் மொழி, இலக்கிய ஆய்வுக்கென்று திருவண்ணாமலையிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் சின்ன இதழ் அது. ஊரில் சில தமிழாசிரியர்கள் சேர்ந்து எப்போதோ தொடங்கி, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றி மாற்றி நடத்தி வந்தார்கள். தேரடித் தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அதற்கு ஓர் அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கரையான் புகுந்த ஒரு மர அலமாரி. சாவியைக் கொடுத்தவர்கள் அறிவுரை எதுவும் கொடுக்கவில்லை. அலமாரியின் கீழ்த்தட்டைத் திறக்காதீர்கள், பல்லி இருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள்.

நான் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். இணை ஆசிரியராக வந்தவர் வேறொரு கல்லூரியில் மொழியியல் எடுப்பவர், என்னைவிடப் பத்து வயது இளையவர், கணினியில் கெட்டிக்காரர். எட்டு மாற்றங்களில் ஆறு அவருடையவை. இணையத்தில் வெளியிடுவது, பழைய இதழ்களை எல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றுவது, கட்டுரைகளை எழுதியவர் பெயரை மறைத்து இரண்டு பேரிடம் மதிப்பீட்டுக்கு அனுப்புவது, இப்படி. மூன்றாவது மாற்றம் மட்டும் முழுக்க முழுக்க என்னுடையது. இதழின் முதல் பக்கத்தைத் தூக்கிவிடுவது.

அந்த முதல் பக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மற்ற இதழ்கள் தலையங்கத்தில் தொடங்கும். எங்கள் இதழ் ‘எங்கள் தவறுகள்’ என்ற தலைப்பில் தொடங்கும். இதற்கு முன்பு வந்த இதழ்களில் யார் யார் எங்கெங்கே தவறினார்கள் என்று அந்தப் பக்கத்தில் இருக்கும். அதற்கென்று ஒரு வழக்கமும் இருந்தது. தவறியவரே தன் கைப்பட எழுத வேண்டும், ‘நான்’ என்று தொடங்க வேண்டும். ‘அச்சுக் கோளாறு’, ‘கவனக்குறைவால் நேர்ந்தது’ என்றெல்லாம் சாக்குச் சொல்லக்கூடாது. ‘நான் இந்தப் பாடலைச் சரியாகப் படிக்காமல் பொருள் எழுதினேன், சரியான பொருள் இது’, அவ்வளவுதான். பெரிய பெரிய பேராசிரியர்கள் எல்லாம் அந்தப் பக்கத்தில் வரிசையாக நின்றிருக்கிறார்கள்.

எனக்கு அது வீட்டு வாசலில் அழுக்குத் துணி காயப்போட்ட மாதிரிப்பட்டது. அங்கீகாரம் கேட்டு விண்ணப்பிக்கப் போகிறோம், பார்க்க வருகிறவர்கள் முதல் பக்கத்தைத் திருப்பியதும் தவறுகள் என்று இருந்தால் என்ன நினைப்பார்கள்? வேண்டுமானால் கடைசியில் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றேன். இணை ஆசிரியர் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டக்கூடியவர் அல்ல. அன்று ஆட்டினார்.

எட்டு மாற்றங்களையும் அச்சிட்டுச் சந்தாதாரர்களுக்கு அனுப்பினோம். கூடவே ஒரு வேண்டுகோள்: எங்கள் அலமாரியில் பல இதழ்கள் கரையானுக்குப் போய்விட்டன, முழு வரிசையும் வைத்திருப்பவர்கள் ஸ்கேன் செய்யக் கொடுத்து உதவினால் பத்திரமாகத் திருப்பித் தருகிறோம். பதில் வெள்ளமாக வரும் என்று எதிர்பார்த்தேன். வாட்சப்பில் ஒரே ஒரு பதில் வந்தது. ‘எல்லா இதழும் என்னிடம் உண்டு. மூன்றாவது மாற்றம் வேண்டாம். நேரில் வந்தால் விவரம் சொல்கிறேன். பௌர்ணமி அன்றும் மறுநாளும் வர வேண்டாம்.’ முகவரி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ்.

லாட்ஜில் யாரோ நீண்ட நாள் தங்கியிருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியராக இருக்கும் என்று பேசிக்கொண்டே போனோம். வரவேற்பு மேசையில் இருந்தவரிடம் விசாரித்தோம். ஐம்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, பின்னால் சாவிகள் தொங்கும் பலகை. லாட்ஜின் மானேஜர். ஊரில் பல தலைமுறையாக வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பம், அவர்களில் இவர் ஒருவர்தான் கடை வைக்காமல் சம்பளத்துக்குப் போனவர் என்று பிறகு தெரிந்தது.

“நான்தாங்க அனுப்பினேன். உக்காருங்க மேடம். சார், நீங்களும் உக்காருங்க” என்றார்.

நான் கொஞ்சம் திகைத்துத்தான் போனேன். திகைத்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அவர் கதை எளிமையானது. பல வருடங்களுக்கு முன்பு ஓர் அறையில் தங்கியவர் எங்கள் இதழ் ஒன்றை மறந்து விட்டுப் போயிருக்கிறார். திருப்பி அனுப்ப முகவரி இருக்கிறதா என்று இவர் பிரித்திருக்கிறார். முதல் பக்கம் கண்ணில் பட்டிருக்கிறது.

“நான் எத்தினியோ பேப்பரு, புக்கு பாத்திருக்கேங்க. இந்த லாட்ஜ்ல ஆளுங்க விட்டுட்டுப் போறது கொஞ்சமா? ஆனா எடுத்த எடுப்புலயே நாங்க தப்பு பண்ணிட்டோம்னு சொல்ற புக்க அன்னிக்குத்தான் பாத்தேன். இவங்க சொன்னா நம்பலாம்னு தோணுச்சு. அடுத்த நாளே சந்தா கட்டிட்டேன். பழசெல்லாம் உங்க ஆபீஸ்ல கேட்டு ஒண்ணொண்ணா வாங்கினேன்.”

“நீங்க தமிழ் படிச்சவரா பாய்?”

“பத்தாவதுங்க. பாஸு.”

ஒரு குடும்பம் பெட்டிகளோடு உள்ளே வந்தது. எங்களை இருக்கச் சொல்லிவிட்டு ஆதார் அட்டை கேட்டு வாங்கினார். படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், பின்பக்கம் திருப்பி ஊர்ப் பெயரைப் படித்துவிட்டு, “ஒரத்தநாட்டுல எந்தத் தெரு?” என்று சும்மா கேட்பது போலக் கேட்டார். அவர்கள் சொன்னதும் சரி என்று சாவியைக் கொடுத்தார். அவர்கள் மாடி ஏறிய பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “அடிக்குறிப்பும் இதே மாதிரிதாங்க. அட்ரஸ் குடுத்துட்டா ஆச்சா? அந்த அட்ரஸ்ல ஆளு இருக்காரான்னு பாக்க வேணாமா?” என்றார்.

எனக்குப் புரியவில்லை. எழுந்து வாருங்கள் என்று பின்னால் இருந்த ஓர் அறைக்குக் கூட்டிப்போனார். துவைத்து மடித்த படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் அடுக்கியிருக்கும் அறை. நடு அலமாரியில் விரிப்புகள் இல்லை. எங்கள் இதழ், முதல் இதழிலிருந்து போன மாதத்து இதழ் வரை, வரிசையாக நின்றது. ஒன்றுகூடக் குறையவில்லை.

இணை ஆசிரியர் ஓர் இதழை உருவிப் பிரித்தார். பிறகு இன்னொன்று. இரண்டையும் என்னிடம் நீட்டினார். ஒவ்வொரு இதழிலும், பின்னால் வந்த ‘எங்கள் தவறுகள்’ பக்கத்தில் யார் எதை ஒப்புக்கொண்டிருந்தாலும், அது உரிய கட்டுரையில் உரிய வரிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஏறியிருந்தது. நாற்பதாவது இதழில் ஒப்புக்கொண்ட தவறு பன்னிரண்டாவது இதழில் திருத்தப்பட்டிருந்தது. இதழை நடத்திய நாங்களே செய்யாத வேலை. உலகத்திலேயே இந்த இதழின் சரியான பிரதி ஒன்றே ஒன்றுதான், அது படுக்கை விரிப்புகளுக்கு நடுவே இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதோடு விட்டாரா? அடிக்குறிப்புகள் பலவற்றின் பக்கத்தில் ஒரு சின்ன டிக். சிலவற்றின் பக்கத்தில் ஊர்ப் பெயர்கள். தஞ்சாவூர். மதுரை. புதுச்சேரி.

“டிக்கு போட்டதெல்லாம் பாத்தாச்சுங்க” என்றார். “அந்தப் புக்கு, அந்தப் பக்கம், அந்த வரி இருக்கு.”

“இத்தனை ஊருக்கும் நீங்க போனீங்களா?”

சிரித்தார். “நான் எங்கங்க போறது? எனக்கு லீவே கெடையாது. கிரிவலத்துக்கு மாசா மாசம் வர்றவங்க இருக்காங்கல்ல. தஞ்சாவூர்லேர்ந்து ஒருத்தர் பேங்க்ல இருக்கறவரு, மதுரைலேர்ந்து ஒரு டீச்சரம்மா, மெட்ராஸ்லேர்ந்து ரெண்டு மூணு பேரு. சாவி குடுக்கும்போது ஒரு சீட்டும் குடுத்துடுவேன். இந்தப் புக்கு உங்க ஊரு லைப்ரரில இருக்குதான்னு பாத்து, இந்தப் பக்கத்த போன்ல போட்டோ எடுத்துகினு அடுத்த பௌர்ணமிக்கு வாங்கன்னு. மொதல்ல சிரிப்பாங்க. அப்புறம் அவங்களுக்கே அது புடிச்சுப் போச்சு. போட்டோ இல்லாம வந்தா ரூம் இல்லன்னு சும்மா மெரட்டுவேன்.”

மதிப்பீட்டாளர் இருவர் வேண்டும், பெயர் மறைக்க வேண்டும், படிவம் வேண்டும் என்று நாங்கள் மாடி அறையில் விசிறிக்குக் கீழே திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். இங்கே, மலையைச் சுற்ற வந்தவர்கள் ஊர் ஊராக நூலகம் ஏறி இறங்கி, கால் கடுக்க நடந்துவிட்டு வந்து, ஒரு வரவேற்பு மேசையில் ஆதாரத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எத்தனை வருடமாக! எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, மனிதர்கள் செய்கிற காரியத்தைத்தான் நானும் செய்தேன். என் கட்டுரை வந்த இதழைத் தேடி எடுத்தேன்.

பதினொரு வருடங்களுக்கு முன்பு வந்த கட்டுரை அது. இந்தப் பகுதியின் நடவுப் பாட்டுகளைப் பற்றியது. அதுதான் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது. பலர் மேற்கோள் காட்டினார்கள். அடுத்த மாதம் கல்லூரியில் எனக்கு இணைப் பேராசிரியர் பதவிக்கான நேர்காணல் இருந்தது. சிறந்த கட்டுரைகள் என்று நான் கொடுத்திருந்த மூன்றில் முதலாவது அது. அதன் அடிக்குறிப்புகளில் டிக் வரிசையாக இறங்கி வந்தது. எனக்குள் ஒரு கர்வம் ஏறியது. ஏழாவது குறிப்பில் டிக் இல்லை. அந்த மேற்கோள்தான் கட்டுரையின் முதுகெலும்பு. நம் பகுதியில் நடவுப் பாட்டைப் பெண்கள் மட்டுமே பாடுவார்கள், ஆண் குரலுக்கு அதில் இடமே இல்லை என்று பழைய பாட்டுத் தொகுப்பு ஒன்றின் நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தைக் காட்டி நான் நிறுவியிருந்தேன். பக்கத்தில் பொடி எழுத்தில் மானேஜர் எழுதியிருந்தார்: ‘இந்த நூல் மொத்தமே 96 பக்கம்.’

திரும்பத் திரும்பப் படித்தேன்.

“வேற பதிப்பு இருக்கும்” என்றேன். 

“ஒரே ஒரு தடவைதாங்க அச்சு போட்டிருக்காங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். இந்தப் புக்கு மட்டும் கெடைக்கவே இல்ல. எல்லா ஊருலயும் தேடச் சொன்னேன். போன வருஷந்தான் கும்பகோணத்துலேர்ந்து வர்ற ஒருத்தரு, ஒரு பழைய பள்ளிக்கூடத்து பீரோவுல இருந்துச்சுன்னு முழு புக்கையும் போட்டோ புடிச்சு எடுத்துகினு வந்தாரு. இருங்க.”

செல்போனை எடுத்துத் தேடிக் கொடுத்தார். பதினொரு வருடமாக நான் மேற்கோள் காட்டிவந்த நூலை முதல் முறையாகப் பார்த்தேன். ஆமாம், முதல் முறையாக. அதை நான் அதுவரை கண்ணால் கண்டதில்லை. வேறொருவருடைய ஆய்வு நூலில் அந்த மேற்கோளும் பக்க எண்ணும் இருந்தன. அவர் பார்த்திருப்பார் என்று நம்பி, நானே மூல நூலைப் பார்த்தது போல எழுதிவிட்டேன். எங்கள் தொழிலில் நிறையப் பேர் செய்கிற காரியம்தான். திருட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் யாரும் வெளியே சொல்லவும் மாட்டார்கள். பிறகு அந்த ஆய்வு நூலை எடுத்து வைத்துப் பார்த்தபோது குட்டு விளங்கியது. அதில் அடிக்குறிப்பு எண்கள் ஓரிடத்தில் ஒன்று தள்ளிப் போயிருந்தன. அந்த மேற்கோளும் நூற்று நாற்பத்திரண்டாம் பக்கமும் வேறு ஏதோ மாவட்டத்தைப் பற்றிய வேறு ஒரு நூலுடையவை.

லாட்ஜில் நின்றபோது அது தெரியாது. செல்போன் திரையில் பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் படித்தேன். நான் எழுதிய வரி எங்குமே இல்லை. முப்பத்தெட்டாம் பக்கத்தில் இருந்தது அதற்கு நேர் எதிரானது. இந்தப் பகுதியில் ஆண் ஒருவர் முதல் அடியை எடுத்துக் கொடுப்பார், நடும் பெண்கள் அதை வாங்கிப் பாடுவார்கள் என்று அந்தத் தொகுப்பாசிரியர் நேரில் பார்த்துப் பதிவு செய்திருந்தார்.

படித்ததும் காதில் என் அப்பாவின் குரல் கேட்டது. என் ஊர் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம். நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் போட்ட குடும்பம். எங்கள் கழனியில் நடவு நடக்கும்போது அப்பா பாடுவார், பெண்கள் திருப்பிப் பாடுவார்கள். சின்ன வயதில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கட்டுரை எழுதியபோதும் அது நினைவு வந்தது. நூலில் வேறு மாதிரி இருக்கிறதே, அப்பா ஏதோ ஆசைக்குப் பாடியிருப்பார், விதிவிலக்கு என்று முடிவு செய்து விட்டுவிட்டேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் வெண்ணெயைத் தூக்கி எறிந்துவிட்டு அலைந்திருக்கிறேன்.

“கண்டுபிடிச்சு ஒரு வருஷம் ஆச்சே, ஏன் எழுதலை?” என்று கேட்டேன். குற்றவாளி நீதிபதியை அதட்டுவது மாதிரி இருந்தது அது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எழுதலாம்னுதாங்க இருந்தேன். அதுக்குள்ள நீங்களே எடிட்டரா வரப்போறீங்கன்னு சொன்னாங்க. சரி, வரட்டும், நேர்லயே சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். அப்புறம் உங்க லெட்டர் வந்துச்சு, மொதப் பக்கத்த எடுக்கறோம்னு. தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். இத மறைக்கத்தான் எடுக்கறீங்களோன்னு நெனச்சுட்டேன்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் கோபத்தைப் பற்றிக் கல்லூரியில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். தேநீர் வரவழைத்திருந்தார், குடிக்காமல் எழுந்துவிட்டேன். வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் இணை ஆசிரியரிடம் பொரிந்து தள்ளினேன். லாட்ஜ் மானேஜருக்கு என்ன வேலை இது, பத்தாவது படித்துவிட்டு நம்மைச் சந்தேகப்படுகிறார், அப்படி இப்படி என்று. அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். தேரடித் தெரு முனையில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

“மேடம், என் தீசிஸ்லயும் நூத்து நாப்பத்திரண்டு இருக்கு.”

“என்ன?”

“உங்க கட்டுரையிலேர்ந்து எடுத்தேன். நானும் அந்தப் புக்க பாத்த மாதிரிதான் எழுதியிருக்கேன்.”

நடுத்தெருவில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சிரித்து முடித்தபோது எனக்கு அழுகை வந்தது. மாடி ஏறி, எட்டு மாற்றங்கள் எழுதிய தாளை எடுத்து மூன்றாவதை அடித்தேன். அந்த இடத்தில் அவர் வேறொன்றை எழுதினார். இனி எழுதுபவர்கள் ஒவ்வொரு ஆதாரத்துக்கும் எதிரே ‘கண்டது’ அல்லது ‘பிறர் சொல்லக் கொண்டது’ என்று குறிக்க வேண்டும். இரண்டுமே கௌரவக் குறைவு இல்லை, மாற்றிச் சொல்வதுதான் தவறு. எட்டு மாற்றங்களில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

எழுதுவது சுலபம், செய்வது கஷ்டம். எங்கள் முதல் இதழ் அச்சுக்குப் போகும் வாரமும் என் நேர்காணலும் ஒன்றையொன்று ஒட்டி வந்தன. ‘எங்கள் தவறுகள்’ பக்கத்தில் என் ஒப்புதல் வந்தால், முதல் கட்டுரை என்று நான் காட்டியது காற்றில் போகும். அடுத்த இதழில் போட்டுக்கொள்ளலாமே, மூன்று மாதத்தில் என்ன குடி முழுகிவிடும் என்று ஒரு நாள் முழுக்க என்னோடு நானே பேரம் பேசினேன்.  இணை ஆசிரியர் தன் ஒப்புதலை எழுதி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். ‘நான் பார்க்காத ஒரு நூலைப் பார்த்ததாக எழுதினேன்’ என்று தொடங்கியது. அதற்குக் கீழே என்னுடையதற்கு இடம் விட்டிருந்தார்.

மறுநாள் லாட்ஜுக்குப் போனேன், தனியாக. “டீ குடிக்காம போயிட்டேன் பாய், இப்ப குடுங்க” என்றேன். அவர் மறுபேச்சில்லாமல் தேநீர் வரவழைத்தார். இதழின் அடிக்குறிப்புகளைச் சரிபார்க்கும் பொறுப்பை முறையாகவே ஏற்றுக்கொள்ளுங்கள், பெயரையும் போடுகிறோம் என்று கேட்டேன். பெயர் வேண்டாம் என்றார். “பேரு போட்டா அப்புறம் எழுதறவங்க எனக்குப் போன் பண்ணுவாங்க. வேலை ஜாஸ்தியாயிடும்.” நேர்காணலைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் அடுத்த இதழுக்குத் தள்ளிப் போடச் சொல்லியிருப்பார் என்று பயம்.

நேர்காணலுக்கு முன்பே அந்தக் கட்டுரையைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். சொன்னேன். உள்ளே இருந்தவர்களில் ஒருவர், இதையெல்லாம் போய் யாரம்மா பார்க்கிறார்கள் என்றார். பார்க்கிறார்கள் ஐயா, பௌர்ணமிக்குப் பௌர்ணமி பார்க்கிறார்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. பதவி உயர்வு எனக்கு வரவில்லை. நான் இன்றும் உதவிப் பேராசிரியர்தான்.

என் ஒப்புதலை எழுதி முடித்து இணை ஆசிரியரிடம் காட்டினேன். நூற்று நாற்பத்திரண்டாம் பக்கம் என்று ஒன்று இல்லை, அந்த நூலை நான் பார்க்கவில்லை, அதன் முப்பத்தெட்டாம் பக்கம் சொல்வதே சரி, ஆண்கள் வரப்பில் நின்று முதல் அடி எடுத்துக் கொடுப்பார்கள் என்று எழுதியிருந்தேன்.

படித்துவிட்டு அவர் கேட்டார்: “வரப்புல நின்னுன்னு புக்குல இருக்கா மேடம்?”

“இல்லை. அது எனக்குத் தெரியும். எங்க அப்பா பாடுவாரு.”

“அவர் இப்ப இருக்காரா?”

“இருக்காரு.”

“அப்ப கேட்டுட்டே போட்டுடலாமே. மறுபடியும் பாக்காம எழுதுவானேன்?”

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். அப்பா அண்ணன் வீட்டில் இருக்கிறார். கழனி வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது, முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வாசலில் நாற்காலி போட்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். எட்டாவது வரை படித்தவர், அச்சில் எது கிடைத்தாலும் படிப்பார். எதிரே உட்கார்ந்து, தாளை எடுத்து என் ஒப்புதலை அவருக்குப் படித்துக் காட்டினேன்.

நிதானமாகக் கேட்டார். “வரப்புல நின்னுகினு எவன் பாடுவான்? நாத்துக் கட்ட தூக்கி வீசிகினே பாடறது அது. ஒரு கட்டுக்கு ஒரு அடி. நின்னுகினு பாடினா பொம்பளைங்க ஏசமாட்டாளுங்க?” என்றார்.

ஒப்புதலிலேயே ஒரு தவறு. எனக்குச் சிரிப்பு வந்தது. பேனாவை எடுத்து அடித்துத் திருத்தினேன். திருத்திக்கொண்டே, “நான் அந்தக் கட்டுரை வந்த இதழை உனக்குக் கொடுத்தேனேப்பா, படிச்சியா?” என்று கேட்டேன்.

“ரெண்டு வாட்டி படிச்சேன்.”

“தப்புன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும்ல. அப்பவே ஏன் சொல்லல?”

அப்பா செய்தித்தாளை மடித்துத் தொடையில் வைத்துக்கொண்டார். “இன்னாத்த சொல்றது? நீ படிச்சவ. புக்குல வேற வந்திருக்கு, ஆம்பளைங்க பாடற வழக்கம் இல்லன்னு. சரி, நமக்குத்தான் மொறை தெரியல, இத்தினி நாளா கண்டபடி பாடிட்டிருந்தோம்னு நெனச்சுகினேன். அப்புறம் நடவுல நான் வாய தொறக்கல. பொம்பளைங்க கேட்டாளுங்க, ஏண்ணா பாடலன்னு. தொண்டை சரியில்லன்னு சொல்லிட்டேன்.”

 என் வார்த்தையை ஆராய்ச்சி உலகம் நம்பியதற்காக நான் பெருமைப்பட்ட வருடங்கள் எல்லாம், என் அப்பாவும் அதை நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு பொய்யான பக்க எண்ணுக்கு இவ்வளவு பலமா என்று நினைத்தபோது பயமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சிடுப்பா” என்றேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்றார்.

மாலையில் தேரடித் தெரு அறைக்கு வந்து, ஒப்புதலின் முடிவில் ஒரு வரி சேர்த்தேன். ஆய்விதழில் இப்படி ஒரு வரி வரலாமா என்று இணை ஆசிரியர் யோசித்தார். பிறகு அவரே அதை அச்சுக்கு அனுப்பினார். எங்கள் முதல் இதழின் முதல் பக்கத்தில் அது இருக்கிறது: ‘நான் எழுதிய இந்தத் தவற்றை நம்பி, பாடிக்கொண்டிருந்த ஒருவர் பாடுவதை நிறுத்திவிட்டார்.’